பறிக்கப்பட்ட பதக்கங்கள்

பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து ஆகிய இரண்டையும் ஊதியத்திற்காக ஆடிப் புகழ் பெற்ற முற்கால வீரர்களுள் ஜிம் தோர்ப் தலைசிறந்தவர். விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவியராகிய நாம் அவரது திறமையுடன், அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் அறிந்திருத்தல் நன்று.

இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில் அமெரிக்கப் பழங்குடிக் குடும்பமொன்றில் பிறந்தவர் தோர்ப். பழங்குடிப் பிள்ளைகளுக்கென அரசு நடத்திய கார்லைல் பள்ளியில் பயின்றார். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில், ஐந்து போட்டிகள் அடங்கிய பென்டாத்லான், பத்துப் போட்டிகள் அடங்கிய டெகாத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். டெகாத்லானில் அவர் பெற்றவை 8,412 புள்ளிகள். இரண்டாமவர் அவரைவிட 688 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்!

ஆனால் அக்காலத்தில், விளையாடிப் பணம் பெற்றவர் ஒலிம்பிக்கில் பங்கு பெறலாகாது என்பது விதி. தோர்ப் 1909, 1910ஆம் ஆண்டுகளில் சிறு ஊதியத்திற்குப் பேஸ்பால் ஆடியிருந்தார். கல்லூரி மாணவர் பலர் புனைபெயரில் ஒளிந்து ஆடிய காலம் அது. தோர்ப்போ தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். 1913இல் செய்தி வெளியானது, பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஆட்சேபத்தை 30 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும் என்பதும் விதியே. ஆறு மாதங்கள் கழித்து வந்த ஆட்சேபத்தை ஏற்றவர்கள் அவ்விதியை மறந்தனர்.

தோர்ப் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். 1915 முதல் கேன்டன் புல்டாக்ஸ் அணியில் கால்பந்தும் ஆடினார். 1920இல் உருவான தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. பின்னாளில் என்.எஃப்.எல். எனப் பெயர் பெற்றது அச்சங்கமே.

1953இல் அவர் மறைந்தார். 1982இல் ஒலிம்பிக் குழு தவற்றைத் திருத்த முன்வந்தது. 1983இல் பதக்கங்களின் மாற்றுப் படிகள் அவருடைய பிள்ளைகளிடம் அளிக்கப்பட்டன. எனினும் ஏடுகளில் அவர் இணை வெற்றியாளராகவே இருந்தார். 2022இல்தான் இரு போட்டிகளுக்கும் அவர் ஒருவரே வெற்றியாளர் என அறிவிக்கப்பட்டது. இடையே கழிந்தவை 110 ஆண்டுகள்!

விதியைக் காப்பது நம் கடமை. அவ்விதி, ஆடுபவரைப் போலவே தீர்ப்பளிப்பவரையும் கட்டுப்படுத்தும் அல்லவா? நாளை நம்மில் எவரேனும் நடுவராகவோ தலைவியாகவோ அமரும்போது, தோர்ப்பின் நினைவு நமக்குத் துணையாகட்டும்.