அப்பாவோட பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகலையா? கார்புரேட்டருக்குள்ள என்ன நடக்குது?

மூன்று வருஷமாக கார் ஷெட்டில் துணி போர்த்தி நின்ற புல்லட் 350. புது பேட்டரி போட்டாச்சு, டேங்கைக் காலி பண்ணி புது பெட்ரோல் ஊத்தியாச்சு. ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஸரைப் பிடித்து விட்டு, கிக்கரில் ஒரு மிதி. பத்தாவது மிதியில் உயிர் வருகிறது. ஆனால் சோக் போட்டிருக்கும்வரைதான் ஓடுகிறது. சோக்கை எடுத்த அடுத்த நொடி வண்டி 'டுப்' என்று அணைந்துவிடுகிறது.

இதை எந்த ஊர் மெக்கானிக்கிடம் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "கார்புரேட்டர் அடைச்சிருக்கு."

பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அடைப்பை எடுப்பது வேறு, தேய்ந்ததை மாற்றுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நாலு தடவை 'கார்புரேட்டர் க்ளீன்' பண்ணியும் சரியாகாத வண்டிகள் ஊரெல்லாம் நிற்கின்றன. இதற்கு நடுவில் பங்கில் கிடைக்கும் பெட்ரோலும் மாறிவிட்டது. பழைய வண்டிக்கு அதுதான் இப்போது பெரிய விஷயம்.

சென்சார் கிடையாது, ஓட்டைதான் எல்லாம்

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதில் எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று சென்சார்கள் பார்த்துச் சொல்லும், ஒரு சின்ன கம்ப்யூட்டர் கணக்குப் போடும். கார்புரேட்டரில் அதெல்லாம் இல்லை.

திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-களில் பரவலாகப் பார்க்கக்கூடியது மிக்கார்ப் வி.எம்.24 கார்புரேட்டர். அந்த 24 என்பது காற்று போகும் குழாயின் விட்டம், மில்லிமீட்டரில். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. காற்று குறுகலான இடத்தில் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறி, காற்றோடு கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்வது ஃப்ளோட். மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து வால்வு செய்யும் அதே வேலை.

உள்ளே வழிகள் பல. ஐடிலிங்கில் பைலட் ஜெட். ஆக்சிலரேட்டரைக் கால்வாசி திருகியதிலிருந்து முக்கால்வாசி வரை ஸ்லைடில் தொங்கும் நீடிலின் ஆட்சி. முழுசாகத் திருகினால் மெயின் ஜெட். சோக்குக்குத் தனி வழி. அதனால்தான் மேலே சொன்ன புல்லட் சோக்கில் மட்டும் ஓடியது. சோக்கின் வழி திறந்திருக்கிறது, பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. எந்த இடத்தில் திணறுகிறது என்று கவனித்தாலே எந்த வழி அடைப்பு என்று பாதி தெரிந்துவிடும்.

பைலட் ஜெட்டின் ஓட்டை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். மூன்று, நான்கு தலைமுடியைச் சேர்த்து வைத்த தடிமன்தான். நின்ற வண்டியில் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பழுப்பு நிறத்தில் பிசினாகப் படியும். இவ்வளவு சின்ன ஓட்டைக்கு அது போதும்.

கழற்றும் முன்னே போன் கேமரா

பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வேலை திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல். ஒவ்வொரு படியிலும் ஒரு போட்டோ. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, பக்கவாட்டில் இருக்கும் ஏர் ஸ்க்ரூ. அதைக் கழற்றும் முன் உள்ளே மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். முட்டியதும் நிறுத்தணும், இறுக்கினால் கூம்பு முனை நசுங்கிவிடும். இரண்டாவது, நீடிலில் க்ளிப் எந்தக் காடியில் மாட்டியிருக்கிறது என்பது. இந்த இரண்டையும் குறிக்காமல் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது தவிப்பதைப் பார்க்க வேண்டுமே!

ஜெட்டுகள் பித்தளை. பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் தலை மழுங்கிவிடும், பிறகு அந்த ஜெட் வெளியே வராது. பொருத்தமான டிரைவரை அழுத்திப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்புவது நல்லது.

இனிதான் பலரும் செய்கிற பெரிய தப்பு. ஓட்டை அடைத்திருக்கிறது என்று குண்டூசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குத்துவது. பித்தளையை விட இரும்பு கெட்டி. ஓட்டை பெரிதாகிவிடும், அல்லது கோணலாகும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் என்ஜினுக்குத் தெரியும். ஜெட்டைக் கார்ப் க்ளீனரில் ஊறப் போட்டு, பிறகு எலெக்ட்ரிக் வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை நுழைத்துப் பார்ப்பதுதான் பழைய கைகளின் வழக்கம். செம்பு மெத்தென்றிருக்கும், பித்தளையைக் கீறாது. ரப்பர் பாகங்களைக் க்ளீனரில் போடக் கூடாது, உப்பிவிடும்.

ஜெட் மட்டும் சுத்தமானால் வேலை முடியவில்லை. உடலுக்குள் துளைத்த வழிகளும் இருக்கின்றன. பைலட் ஜெட் உட்காரும் துளையில் க்ளீனர் ஸ்ப்ரேயை அடித்தால், ஸ்லைடு விளிம்புக்குக் கீழே குழாயின் தரையில் இருக்கும் நுண்ணிய ஓட்டைகளில் பீய்ச்சி வர வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்வது அவசியம், எந்த ஓட்டையிலிருந்து முகத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. வரவில்லை என்றால் பஞ்சர் கடைக் காற்று, அப்புறம் மறுபடி ஸ்ப்ரே. வெளியே பளபளவென்று மின்னுகிற கார்புரேட்டர்களில் பல இந்தச் சோதனையில்தான் மாட்டிக்கொள்கின்றன.

ரிப்பேர் கிட் வாங்கினா எல்லாம் சரியாகிடுமா?

சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கேட்டால் ரிப்பேர் கிட் கிடைக்கும். கேஸ்கெட், ஓ-ரிங், ஃப்ளோட் நீடில், கூடவே புது ஜெட்டுகள். கேஸ்கெட்டையும் ஓ-ரிங்கையும் யோசிக்காமல் மாற்றலாம். ஜெட் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விலை குறைந்த கிட்டில் ஜெட்டின் மேல் அடித்த எண்ணும் உள்ளே இருக்கும் ஓட்டையும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. கம்பி படாத பழைய ஒரிஜினல் ஜெட் கிடைத்தால், சுத்தம் பண்ணி அதையே போடுவது மேல். அதைக் குப்பையில் போடுவதுதான் நிஜமான நஷ்டம்.

ஃப்ளோட் நீடிலை அலட்சியம் பண்ணக் கூடாது. அதன் கூம்பு முனையில் வளையமாகத் தேய்ந்த கோடு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். அது சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் வழிந்து சூடான என்ஜின் மேல் சொட்டும். அல்லது நிறுத்தி வைத்த வண்டியில் இரவெல்லாம் சிலிண்டருக்குள் இறங்கி, என்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வரும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குக்கு ஆபத்து. ஃப்ளோட் பித்தளையாக இருந்தால் காதருகே ஆட்டிப் பார்க்கலாம். உள்ளே தளும்பினால் எங்கோ ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழ் வரும் இடம் காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் உள்ளே இருக்கும் ஃப்ளோட்டுக்கு நேராகப் பற்றவைப்பு வேண்டாம்.

கிட்டில் கிடைக்காத தேய்மானம் ஒன்று இருக்கிறது: ஸ்லைடு. பல வருஷம் மேலும் கீழும் போய், ஸ்லைடும் அது ஓடும் சுவரும் தேய்ந்துவிடும். இடைவெளி வழியாகக் கணக்கில் வராத காற்று நுழையும். ஸ்லைடை விரலால் ஆட்டினால் 'கடகட' என்கிறதா? ஐடிலிங் ஒரு நாள் ஏறி, ஒரு நாள் இறங்கி நிற்கிறதா? எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. அங்கே புது கார்புரேட்டர் வாங்குவதுதான் நேர்மையான வழி.

இ20 வந்த பிறகு பழைய கணக்கு ஒத்துவராது

20 சதவீத எத்தனால் கலப்புக்கு முதலில் வைத்த இலக்கு 2030. அது 2025-க்கு முன்னே நகர்த்தப்பட்டு, எட்டியும் ஆகிவிட்டது. ஷெட்டில் நிற்கும் புல்லட்டின் ஜெட்டுகளுக்கு இது தெரியாது.

கணக்கு எளிது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் கலந்த இ20-க்கு 13.5 அளவில் வரும். ஜெட் பழைய அளவிலேயே பெட்ரோலை விட்டால், என்ஜினுக்குக் கிடைக்கும் கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. மெக்கானிக் மொழியில் 'லீன்'. இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சாரைப் பார்த்து ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை.

கலவை கொஞ்சம் லீன் ஆனால் வண்டி இழுக்காது, ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிக்கும். காற்றால் மட்டும் குளிர்கிற என்ஜின் ரொம்ப லீனாக, நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடினால் சூடேறி, பிஸ்டன் ஜாம் வரை போகலாம். ஏற்கெனவே பாதி அடைத்த ஜெட்டோடு இ20-யும் சேர்ந்தால் இரட்டை அடி.

மாற்று வழி பெரிய செலவில்லை. நீடில் க்ளிப்பை ஒரு காடி கீழே மாட்டினால் நீடில் மேலேறும், பெட்ரோல் கூடும். பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. தேவைப்பட்டால் மெயின் ஜெட்டில் அடுத்த எண். ஒரே நாளில் இரண்டையும் மாற்றாமல், ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்ப்பது நல்லது. பழைய பெட்ரோல் ட்யூப், ஓ-ரிங் எல்லாம் எத்தனாலில் விறைக்கும், வெடிக்கும். வைட்டான் ரக ரப்பர் அதைத் தாங்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது அழுக்கல்ல, உலோகமே அரித்திருக்கிறது.

மாட்டியாச்சு, அடுத்து?

கார்புரேட்டரை என்ஜினோடு சேர்க்கும் நட்டுகளை மாறிமாறி, அளவோடு இறுக்க வேண்டும். ஒரு பக்கம் வெறிபிடித்து இறுக்கினால் முகப்பு வளைந்து காற்று உறிஞ்சும், மறுபடியும் லீன்.

டியூனிங் எப்போதும் சூடான என்ஜினில். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து, ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பிக்கலாம். கால் சுற்றாக முன்னும் பின்னும் திருகி, என்ஜின் சீராக, வேகமாக ஓடும் இடத்தைப் பிடித்து, பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். வி.எம். வகையில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் பக்கம் கூடும், வெளியே திருகினால் காற்று கூடும். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மீதியை அது சொல்லிவிடும். காபிப் பொடி நிறம் என்றால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் லீன், உடனே கவனிக்கணும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பர்ஸுக்குத்தான் அடி, என்ஜினுக்கு உடனடி ஆபத்தில்லை.

வண்டி இனி இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால், வீட்டு வாசலுக்கு வந்ததும் என்ஜினை அணைக்க வேண்டாம். பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடலாம்.