கனடாவுக்கு ‘ஸ்பொன்சர்’: படிவம் கேட்பதும் நாங்கள் மறைப்பதும்

சென்ற மாதம் ஓர் இளம்பெண் முந்நூறு பக்கத்துக்கு மேல் வட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர வேண்டுமாம். மாப்பிள்ளை ஸ்காபரோவில், கலியாணம் முடிந்து ஏழு மாதம். “எவ்வளவு கூடக் குடுக்கிறமோ அவ்வளவு நல்லமாம், அக்கா” என்றார். புரட்டிப் பார்த்தேன். ‘சாப்பிட்டீங்களோ’, ‘ஓம்’, ‘நித்திரையோ’. நாற்பது பக்கம் போதும் என்று சொல்லி, எதை எடுப்பது என்று இருவரும் இருந்து தெரிந்தோம். சண்டை பிடித்துப் பேசாமல் இருந்த வாரம், அம்மம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரவு, வீட்டு வாடகை பற்றி அவர் கவலைப்பட்டது. ஒரு குடும்பம் அங்கேதான் தெரிந்தது.

வவுனியாவில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருப்பதால் இந்தக் கோப்புகள் நிறைய என் கையால் போகின்றன. நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் எந்த இடத்தில் எங்கள் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பது பழகிவிட்டது.

கனேடிய அதிகாரி இரண்டு விடயங்களைப் பார்க்கிறார். இந்த விவாகம் உண்மையானதா? இது முக்கியமாகக் குடிவரவுக்காகச் செய்யப்பட்டதா? முன்பு இரண்டும் பிழையாக இருந்தால்தான் நிராகரிக்கலாம். 2010 செப்டெம்பர் 30இல் விதி மாறியது. இப்போது இரண்டில் ஒன்று பிழைத்தாலே போதும். இன்று உண்மையாகக் குடும்பம் நடத்துகிறோம் என்று காட்டினாலும், தொடக்கத்தில் நோக்கம் வேறு என்று அதிகாரி கருதினால் விண்ணப்பம் விழும்.

எங்கள் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஏன் எழுத்து மட்டும், தாலி கட்டு இல்லை? மாப்பிள்ளையின் தாய் தகப்பன் ஏன் படத்தில் இல்லை? பெண்ணுக்கு ஏன் நான்கு வயது கூட? போரில் தாயையும் தகப்பனையும் இழந்த பிள்ளைக்கு மண்டபம் எடுத்துக் கலியாணம் செய்துவைக்க யார் இருக்கிறார்கள்? அதை அதிகாரி ஊகித்துக்கொள்வார் என்று விடாமல், ஒரு கடிதமாக எழுதி மரணச் சான்றிதழ்களோடு சேர்த்துக் கொடுங்கள். ஸ்கைப்பிலோ தொலைபேசியிலோ நடந்த கலியாணம் செல்லாது. 2015 ஜூன் 11 முதல் இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் சின்னத் தடைகள். பெரிய தடை பழைய பொய்.

ஒருவர் 2008இல் கனடா போய் அகதி அந்தஸ்துக் கேட்டார். ‘தனி ஆள் என்று சொல், கெதியாக முடியும்’ என்று யாரோ சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, வன்னியில் இருந்த மனைவியையும் கைக்குழந்தையையும் படிவத்தில் எழுதவில்லை. வதிவிட உரிமை கிடைத்தபின் அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்தார். கனேடிய விதி 117(9)(ஈ) அவருக்கு முன்னால் வந்து நின்றது. நிரந்தர வதிவிடம் பெறும்போது அறிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்ட குடும்ப உறுப்பினரைப் பிறகு குடும்ப வகுப்பில் கூப்பிட முடியாது. மனைவி உண்மையான மனைவிதான், பிள்ளை அவருடைய பிள்ளைதான், அதில் அதிகாரிக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் வழி இல்லை.

2019 செப்டெம்பரில் ஒரு விலக்கு வந்தது. அகதியாக ஏற்கப்பட்டவர்களும், தாங்களே குடும்ப வகுப்பில் வந்தவர்களும், அன்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் உரிமை கிடைத்திருக்கும் என்றால், விடுபட்டவரை இப்போது கூப்பிடலாம். இது நிரந்தரச் சட்டமல்ல, காலத்துக்குக் காலம் நீடிக்கப்படும் கொள்கை. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குள் அடங்காதவர்கள் மனிதாபிமான, கருணை அடிப்படையில் கேட்கலாம். நான் சொன்ன அந்தக் குடும்பம் ஒன்றுசேர்ந்தபோது கைக்குழந்தை சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வரும்போது எனக்கும் பேச்சு வருவதில்லை. 2009இல் கணவர் காணாமல் போனார். பல வருடம் காத்திருந்தபின் ஒருவர் மணக்க முன்வருகிறார், அவர் கனடாவில். முதல் விவாகம் முடிந்துவிட்டது என்பதற்குக் கனடா கேட்பது மரணச் சான்றிதழ் அல்லது நீதிமன்ற விவாகரத்துத் தீர்ப்பு. முதல் விவாகம் முடியாமல் செய்த இரண்டாவது விவாகம் குடும்ப வகுப்பில் சேராது. 2016இன் திருத்தச் சட்டத்தின்படி வழங்கப்படும், ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் சொத்து விடயங்களுக்கும் உதவிப் பணத்துக்கும் பயன்படும். அது விவாகத்தை முடித்துவைக்காது. மரணச் சான்றிதழ் எடுப்பதென்றால் ‘அவர் இறந்துவிட்டார்’ என்று மனைவியே எழுதிக் கையொப்பமிட வேண்டும். வீதியோரப் பந்தலில் அவருடைய படத்தோடு மாமியார் இன்னும் இருக்கிறார். நீதிமன்றம் போய் விவாகரத்துக் கேட்டால் மருமகளோடு ஊரும் பேசாது. எது சரி என்று நான் சொல்வதில்லை. ஆனால் இதை முடிக்காமல் அடுத்த எழுத்தை வைத்துவிடாதீர்கள், பிறகு அவிழ்ப்பது மிகவும் கடினம்.

படிவம் 5669 கடந்தகாலத்தைக் கேட்கிறது. பத்து ஆண்டு வரலாறு என்றபடியால் 2009 வெளியே போய்விட்டது என்று பலர் ஆறுதலடைகிறார்கள். ஆயுதப் போராட்ட அமைப்பில் இருந்தீர்களா, எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா என்ற கேள்விகளுக்கு அந்தப் பத்து ஆண்டு எல்லை கிடையாது. கனடா 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி நீங்கள் எதையும் செய்திருக்கத் தேவையில்லை, உறுப்பினர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே தடுக்கலாம். வீட்டுக்கொருவர் என்று பிடித்துப்போகப்பட்ட பிள்ளைக்கு, விரும்பிச் சேரவில்லை என்ற வாதம் இருக்கிறது. ஆனால் அதை வாதமாக வைக்க வேண்டும், அதற்குக் கனேடிய சட்டத்தரணி தேவை. புனர்வாழ்வு முகாமில் இருந்ததை மறைத்து ‘இல்லை’ என்று புள்ளடி போட்டால் அது பிழையான தகவல் கொடுத்த குற்றமாகிறது. ஐந்து வருடத் தடை. சான்றிதழோடு விடுவிக்கப்பட்டவரின் பெயர் அரச பதிவுகளில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்பொன்சர் செய்பவருக்குப் பெரிய வருமானம் வேண்டும் என்பது தவறான பேச்சு. துணையைக் கூப்பிடப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் கேட்பதில்லை. மாற்றுத்திறனுக்கான கொடுப்பனவு தவிர, அரச உதவிப் பணத்தில் இருக்கக் கூடாது. மூன்று வருடங்களுக்குப் பராமரிப்பேன் என்ற உறுதிமொழி கொடுக்க வேண்டும். பிரிந்தாலும் அது தொடரும்.

இதைப் பெண்கள் கவனித்துப் படிக்க வேண்டும். இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் உரிமை நிலைக்கும் என்று 2012இல் ஒரு நிபந்தனை இருந்தது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். விவாகம் உண்மையாகவே நடந்திருந்தால், வந்திறங்கிய பிறகு அடிக்கிற கணவனை விட்டுப் பிரிந்ததற்காக மட்டும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. ‘ஒரு கடிதம் போட்டால் போதும், நீ பிளேனில்’ என்று மிரட்டப்பட்டு வாய் மூடி இருந்த ஒருத்தியின் காகிதங்களை நான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யும் உரிமை இங்கிருப்பவருக்கல்ல, கனடாவில் இருக்கும் ஸ்பொன்சருக்கே. காரணக் கடிதம் கிடைத்து 30 நாட்கள்தான். அந்தக் கடிதம் பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகிறது. அந்த மின்னஞ்சல் முகவருடையதாக இருந்து, அவர் ஒரு மாதம் கழித்து ‘சரிவரேல்ல’ என்று தொலைபேசியில் சொன்ன கதை இந்த வருடத்தில் மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டேன். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலைப் போடுங்கள். கடவுச்சொல்லை நீங்களே வைத்திருங்கள்.