காரின் மேற்பூச்சும் கழுவும் முறையும்

காரின் பளபளப்பு நாளடைவில் மங்குவதற்கு வெயிலையும் மழையையும் காரணமாகச் சொல்வது வழக்கமாயினும், மேற்பரப்பில் வலைபோல் படரும் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை வண்டியைத் துடைக்கும்போதே விழுகின்றன. இக்காலக் கார்களின் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அவற்றுக்கெல்லாம் மேலாக நிறமற்ற கிளியர் கோட் என அடுக்கடுக்காகப் பூசப்படுகின்றன. பளபளப்பைத் தருவதும் நிறத்தைக் காப்பதும் இந்தக் கடைசி அடுக்கே. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரைதான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தெருப்புழுதியில் கலந்திருக்கும் மணலின் முதன்மைக் கனிமமான குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவுகோலில் 7 என்ற நிலையில் இருப்பதால், கண்ணாடியையே கீறும் அதற்குக் கிளியர் கோட் ஒரு பொருட்டன்று. காலைதோறும் உலர்ந்த துணியால் புழுதியைத் தட்டித் துடைப்பதும், ஒரே வாளி நீரில் ஒரே துணியை முக்கிப் பல வண்டிகளைத் துடைப்பதும், அந்த மணலைப் பூச்சின்மீது இழுத்துத் தேய்ப்பதற்கே சமம். இதைத் துடைப்பவரின் குறையாகக் கொள்ளலாகாது. போதிய நீரும் நல்ல துணியும் அவருக்குத் தரப்படாததன் விளைவே அது.

ஆகவே கை படுவதற்கு முன்பே புழுதி நீரோடு போய்விட வேண்டும் என்பதே கழுவும் முறையின் அடிப்படை. நிழலில் நிறுத்தி, பானெட்டின் சூடு ஆறிய பிறகு, சேறும் பிரேக் தூளும் மிகுந்த சக்கரங்களை அவற்றுக்கென ஒதுக்கிய துணியால் முதலில் கழுவிவிட்டு, வண்டி முழுவதும் கூரையிலிருந்து கீழ்நோக்கி நீரை ஊற்ற வேண்டும். அதன்பின் ஒரு வாளியில் கார் ஷாம்பு கரைத்த நீரும் மற்றொன்றில் வெறும் நீரும் வைத்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒரு பகுதியைக் கழுவியதும் அதை வெறும் நீரில் அலசிவிட்டே மீண்டும் ஷாம்பு நீரில் முக்க வேண்டும்; இரண்டாம் வாளியின் அடியில் படியும் வண்டலைப் பார்ப்பவருக்கு இதன் தேவை எளிதில் விளங்கும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பசையை நீக்குவதற்கென்றே அமைந்தது. அது பூச்சைக் காக்கும் மெழுகையும் சேர்த்து அகற்றிவிடுகிறது.

தமிழகத்தின் பல ஊர்களில் கிடைக்கும் போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்திருப்பதால், தானாகக் காயவிட்டால் வெண்திட்டுகள் தங்கிவிடும். உடனே சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பது நல்லது. பறவை எச்சம் வெயிலில் பூச்சை அரித்துத் தடம் பதித்துவிடுவதால், அதை வாரக் கழுவலுக்கு விட்டுவைக்காமல், ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றின் படிவு துருவை விரைவுபடுத்துவதால் அடிப்பாகத்தையும் அலசுதல் அவசியம். வாட்டர் சர்வீஸ் நிலையங்களின் அழுத்த நீரை நெருக்கமாகப் பீய்ச்சினால், ஏற்கெனவே பெயர்ந்த ஓரங்களில் பெயின்ட் உரியக்கூடும்.

நீர்ச்செலவும் கருத்தில் கொள்ளத்தக்கதே. 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாட்டின்போது பெங்களூரில் குடிநீரால் வாகனம் கழுவுவது தடைசெய்யப்பட்டு, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது. குழாயை ஓடவிடாமல் வாளிகளால் கழுவும் முறை பூச்சோடு நீரையும் காப்பது.

கழுவி முடித்ததும் வண்டியைச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, சிலமுறை பிரேக்கை மிதித்து, நனைந்த டிஸ்க்குகளை உலர்த்திய பிறகே நிறுத்த வேண்டும். ஈரத்தோடு நெடுநேரம் நின்றால் அவற்றின்மீது துரு படிந்து, பிரேக் பேட் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.