சதுரத் துளையும் நான்கு எழுத்தும்

'ஓட்டைக் காலணா' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1943 முதல் 1947 வரை நம் நாட்டில் அடிக்கப்பட்ட காலணாவின் நடுவே வட்டமான துளை இருந்தது. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு அது. சீன நாட்டிலோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் துளையுள்ள காசுகள் வழங்கி வந்தன. அவற்றின் துளை சதுர வடிவானது.

ஆங்கில நூல்களில் இந்தச் சீன நாணயத்தின் பெயர் 'கேஷ்'. இது நம்முடைய 'காசு' என்னும் சொல்தான். போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு மூலத்திலிருந்து வந்த சொல்.

பழங்காசு சேகரிக்க விரும்பும் மாணவர்களுக்குச் சீனக் காசு நல்ல தொடக்கம். ஏராளமாக வார்க்கப்பட்டதால் சாதாரண வகைகள் அரியவை அல்ல. சீன மொழி தெரியாதவரும் சில எழுத்துக்களின் வடிவத்தை மட்டும் பழகிக்கொண்டு காசின் காலத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

துளை ஏன் சதுரம்?

காசுகளைக் கயிற்றில் கோத்து எடுத்துச் செல்லத் துளை உதவியது. ஆயிரம் காசு கொண்டது ஒரு சரம். ஆனால் அதற்கு வட்டத் துளையே போதுமே! சதுரத்தின் பயன் காசுப் பட்டறையில் இருக்கிறது.

இக்காசுகள் அச்சில் அடிக்கப்பட்டவை அல்ல; உருக்கி வார்க்கப்பட்டவை. முதலில் நேர்த்தியாகச் செதுக்கிய 'தாய்க் காசு'களை ஈர மணலில் அழுத்திப் பதிவு எடுப்பார்கள். பதிவுகளை இணைத்து வாய்க்கால் போட்டு, உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மணலை உடைத்தால் கிளைகளில் இலைகள் போலக் காசுகள் ஒட்டிய ஓர் உலோக மரம் கிடைக்கும். காசுகளை ஒடித்தெடுத்து ஒரு சதுரக் கம்பியில் நெருக்கமாகச் செருகி, விளிம்புகளை அரத்தால் ராவுவார்கள். கம்பி உருண்டையாக இருந்தால் காசு சுழலும், அரம் பிடிக்காது. சதுரக் கம்பியில் காசு அசையாமல் நிற்கும்.

எழுத்தைப் படிப்பது எப்படி?

கி.மு. 221-இல் சீனத்தை ஒன்றுபடுத்திய சின் ஷி ஹுவாங் பேரரசரின் காசில் இரண்டே எழுத்துக்கள்: 'அரை லியாங்'. லியாங் என்பது ஓர் எடை. கி.மு. 118-இல் ஹான் பேரரசர் வூ வெளியிட்ட காசில் 'ஐந்து ஷூ' என்று இருந்தது. இதுவும் எடையே.

கி.பி. 621-இல் தாங் வம்சத்தார் வெளியிட்ட 'கை யுவான் தோங் பாவ்' காசில் எடைப் பெயர் மறைந்து நான்கு எழுத்துக்கள் வந்தன. இவற்றை எழுதித் தந்தவர் ஓயாங் ஷுன் என்னும் புகழ்பெற்ற எழுத்துக் கலைஞர். மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையில் படிக்க வேண்டும். இதன் விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர். பத்துக் காசு ஒரு லியாங். அதாவது காசு ஒன்று ஏறத்தாழ 3.7 கிராம்.

சொங் வம்சக் காலத்தில் (960–1279) அரசர் தம் ஆட்சிப் பகுதிக்குச் சூட்டிய பெயரே பெரும்பாலும் காசின் முதல் இரண்டு எழுத்துக்களாக அமைந்தது. பெயர் மாறினால் காசும் மாறும். 'யுவான் ஃபெங்' என்று கண்டால் 1078–1085 என்று எழுதிக்கொள்ளலாம். அக்காலத்தில் ஓராண்டில் சுமார் 50 லட்சம் சரம், அதாவது 500 கோடிக் காசுகள் வார்க்கப்பட்டன! சொங் காசுகள் சிலவற்றை மேலிருந்து கடிகாரச் சுற்றாகப் படிக்க வேண்டும். சிங் வம்சக் காசுகளில் (1644–1912) பின்புறம் மஞ்சு எழுத்தில் பட்டறையின் பெயரும் இருக்கும்.

காசு சொல்லும் சாட்சி

தென்கொரியாவின் சினான் கடற்பகுதியில் மூழ்கிக் கிடந்த கப்பல் ஒன்றை 1976 முதல் அகழ்ந்தார்கள். அதில் சுமார் 28 டன் சீனக் காசு இருந்தது. பெரும்பகுதி சொங் காலத்தவை. அவற்றை மட்டும் பார்த்தால் கப்பலை நூறு, இருநூறு ஆண்டு முந்தியது என்று எண்ணிவிடுவோம். ஆனால் குவியலில் 1310-ஐ ஒட்டி வார்த்த காசும் கலந்திருந்தது. ஆகவே கப்பல் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. சரக்குகளில் கட்டியிருந்த மரச் சீட்டுகளில் 1323-ஆம் ஆண்டே காணப்பட்டது. குவியலின் காலத்தைக் காட்டுவது அதிலுள்ள கடைசிக் காசுதான் என்பது இதனால் விளங்கும்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1077-இல் சோழ நாட்டுத் தூதுக்குழு சீன அரசவைக்குச் சென்று, காணிக்கைக்கு ஈடாக 81,800 சரம் செப்புக் காசு பெற்றது என்று சீன வரலாற்று நூல் கூறுகிறது. பழைய தஞ்சை மாவட்டத்தில் சீனக் காசுப் புதையல்களும் கிடைத்திருக்கின்றன. இத்தகைய புதையலை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொண்டால் என்ன ஆகும்? கடைசிக் காசு யாரிடமோ போய்விடும். புதையலின் காலமும் அதோடு போய்விடும். மண்ணில் புதையல் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது பொருள்மதிப்புக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம்.

புளி வேண்டாம்!

செம்பு, ஈயம், வெள்ளீயம் கலந்த சொங் காசின்மேல் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். வீட்டுப் பாத்திரத்தைப் போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கெட்டியான களிம்பு காசைக் காக்கும் போர்வை. தேய்த்தால் எழுத்தும் மழுங்கும். ஆனால் வெளிர்பச்சையாகத் தூள் தூளாக உதிர்ந்தால் அது நோய். குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிப்பதன் அடையாளம். அந்தக் காசைப் பிரித்து ஈரமற்ற இடத்தில் வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளையும் தவிர்க்கவும். நாளடைவில் அமிலம் கசிந்து காசைக் கெடுக்கும்.

போலிகளும் உண்டு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். எனவே உண்மைக் காசையே மாதிரியாக வைத்து வார்த்த போலி, அதைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். எழுத்தின் ஓரங்களும் கூர்மை இழந்திருக்கும். அளவு, எடை, விளிம்பில் அரத்தின் கீறல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஒரு பூதக்கண்ணாடி, வெர்னியர் அளவி, சிறு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். ஒவ்வொரு காசுக்கும் விட்டம், எடை, எழுத்து, பின்புறக் குறி, எங்கே யாரிடம் கிடைத்தது என்ற விவரங்களைக் குறித்து வையுங்கள். குறிப்புடன் உள்ள பத்துக் காசு, குறிப்பற்ற நூறு காசைவிட மேலானது.