கவுன்சலிங்: கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர், ரொனால்ட் கிளேசர் என்ற ஆய்வாளர் தம்பதி, 42 கணவன் மனைவியரை மருத்துவமனை ஆய்வுப் பிரிவில் தங்கவைத்தார்கள். ஒவ்வொருவரின் முன்கையிலும் ஓர் உறிஞ்சு கருவியால் சிறுசிறு கொப்புளங்கள் உண்டாக்கப்பட்டன. முதல் முறை தங்கியபோது, ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். அடுத்த முறை, வீட்டில் எதற்காகச் சண்டை வருமோ அதையே பேசச் சொன்னார்கள். 2005-ல் முடிவு வெளியானது. சண்டைப் பேச்சுக்குப் பிறகு புண் ஆறக் கூடுதல் காலம் பிடித்தது. பேச்சில் பகைமையை அதிகம் காட்டிய தம்பதிகளின் புண், மற்றவர்களுடையதைப் போல 60 சதவீத வேகத்தில்தான் ஆறியது.

‘கவுன்சலிங்குக்கு இவ்வளவு பீஸா?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தொகையைப் பூஜ்யத்தோடு ஒப்பிடுகிறார்கள். போகாமல் இருந்தால் செலவே இல்லை என்று கணக்கு. உண்மையில் சண்டைக்கான செலவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பு கொஞ்சம் கொடுக்கிறது, வேலை கொஞ்சம் கொடுக்கிறது, பிள்ளைகளின் படிப்பு கொஞ்சம் கொடுக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கொடுக்கிற கட்டணம் இந்தச் செலவைக் குறைக்குமா என்பதுதான்.

கட்டணக் கணக்கு

அமெரிக்காவில் தம்பதி ஆலோசனை ஓர் அமர்வுக்கு 100 டாலரிலிருந்து 250 டாலர் வரை ஆவது சாதாரணம். பெரும்பாலும் கைக்காசுதான். காப்பீட்டு நிறுவனம் நோய்க்குப் பணம் தரும். கணவன் மனைவி ஒத்துப்போகாதது நோய்ப் பட்டியலில் இல்லை. அங்கே பயன்படும் நோய் வகைப்பாட்டில் அதற்கு இசட் 63.0 என்று ஒரு குறியீடு உண்டு. ஆனால் அது ‘வாழ்க்கைச் சூழல் சிக்கல்’ என்ற பிரிவில் வருகிறது. இருவரில் ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்ற நோயோ இருப்பதாக எழுதினால்தான் பல இடங்களில் பணம் கிடைக்கும்.

சென்னை, கோவை போன்ற ஊர்களில் தனியார் ஆலோசகர்கள் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயிலிருந்து சில ஆயிரங்கள் வரை வாங்குகிறார்கள். 1,500 ரூபாய் என்று வைத்து 26 அமர்வு போனால் 39,000 ரூபாய். இன்றைய விலையில் ஒரு சவரன்கூட வாங்க முடியாத தொகை. ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது சின்னத் தொகையும் இல்லை.

134 தம்பதிகள், ஐந்து ஆண்டுகள்

26 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சன் இருவரும் தொடங்கிய ஆய்வில் அதிகபட்சம் அத்தனை அமர்வுகள். லேசான மனத்தாங்கல் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. நாள்பட்ட, கடுமையான சிக்கலில் இருந்த 134 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு விதமான சிகிச்சை கொடுத்தார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டுச் சண்டை ஒன்றை வைத்தே சொல்லலாம். கணவர் மாதாமாதம் ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறார்; எவ்வளவு என்று மனைவியிடம் சொல்வதில்லை. பெரியவர்கள் கூடிப் பேசினால், ‘மாசம் இவ்வளவுதான் அனுப்பணும்’ என்றோ ‘அனுசரிச்சுப் போம்மா’ என்றோ தீர்ப்புச் சொல்வார்கள். ஆய்வில் கொடுத்த இரண்டில் ஒன்றான பழைய நடத்தைச் சிகிச்சை தீர்ப்பு சொல்லாது. எப்படிப் பேசுவது, எப்படி உடன்பாட்டுக்கு வருவது என்று இருவருக்கும் பயிற்சி கொடுக்கும். கிறிஸ்டென்சனும் ஜேக்கப்சனும் உருவாக்கிய புதிய முறை, சண்டை சுழலும் விதத்தை முதலில் இருவர் முன்னும் வைக்கும். அவள் கோபப்படுவாள் என்று அவர் மறைக்கிறார். மறைப்பதால் அவள் துருவித் துருவிக் கேட்கிறாள். துருவுவதால் அவர் இன்னும் மறைக்கிறார். இதில் குற்றவாளி யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து அந்தச் சுழலைப் பார்க்கப் பழக்குவதுதான் அந்த முறையின் சாரம். மாற்ற முடிந்ததை மாற்றுவது, முடியாததைப் புரிந்து ஏற்பது இரண்டும் அதில் உண்டு.

பழைய முறையில் முன்னேற்றம் சட்டென்று வந்து நடுவழியில் தேங்கியது. புதிய முறையில் மெதுவாக, ஆனால் சீராக வந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2010-ல் வெளியான முடிவின்படி, குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்தவர்கள் புதிய முறையில் 50 சதவீதம், பழைய முறையில் 46 சதவீதம். இரு பிரிவிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு தம்பதி பிரிந்திருந்தார்கள்.

பாதிக்குப் பாதி. இது குறைவாகத் தெரியலாம். ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பல ஆய்வுகளில், சிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்ட தம்பதிகளிடம் சராசரியாக எந்த முன்னேற்றமும் தென்படவில்லை. ‘நாளானால் தானாகச் சரியாகும்’ என்ற நம்பிக்கைக்கு ஆதரவு இல்லை. மதுவுக்கு அடிமையான கணவர்களின் குடும்பங்களை மாசசூசெட்ஸில் ஆராய்ந்த டிமதி ஓஃபேரல் குழு பணக்கணக்கையே போட்டுப் பார்த்தது. மருத்துவமனைச் செலவும் சட்டச் சிக்கல் செலவும் குறைந்ததால் மிச்சமான தொகை, தம்பதி ஆலோசனைக்கு ஆன செலவைவிட அதிகமாக இருந்தது.

மலிவானது தாமதமாக வருகிறது

தம்பதிகள் ஆறு ஆண்டு தவித்த பிறகே ஆலோசகரிடம் வருகிறார்கள் என்று ஒரு கணக்கு நெடுநாளாகச் சொல்லப்பட்டுவந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டோஹர்ட்டி குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில் அது சராசரியாக 2.68 ஆண்டு என்று தெரிந்தது. ஆறைவிடக் குறைவுதான், ஆனாலும் ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டு இறுக்கிக்கொள்ள அந்தக் காலம் தாராளமாகப் போதும்.

நம் நாட்டில் கட்டணமில்லாத ஆலோசனை ஏற்கெனவே இருக்கிறது. 1984-ம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கில் சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியது. அதற்காக ஆலோசகர்களை நியமிக்கவும் வழிசெய்தது. ஆனால் அந்த அறைக்குள் நுழையும்போது கையில் மனுவும் வழக்கு எண்ணும் இருக்கின்றன. பெரும்பாலும் இருவருக்கும் வக்கீல் இருக்கிறார்கள். இலவசம் கிடைக்கும் கட்டத்தில் பலனுக்கான வாய்ப்பு குறுகிவிடுகிறது. நார்வேயில் அரசின் குடும்ப ஆலோசனை அலுவலகங்களுக்கு யாருடைய பரிந்துரையும் இல்லாமல், பணம் கட்டாமல், சிக்கல் சிறிதாக இருக்கும்போதே போகலாம்.

பணத்தை மட்டும் கொடுத்தால் போதுமா என்றால், அதற்கு ஆஸ்திரேலியா பதில் வைத்திருக்கிறது. 2014-ல் அங்கே தம்பதி ஆலோசனைக்காக 200 டாலர் உதவித் தொகையை அரசு அறிவித்தது. ஒரு லட்சம் தம்பதிகளுக்கு என்பது திட்டம். போதிய பேர் வராததால் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. கட்டணம் ஒரு தடை. ‘நமக்கு எதற்குக் கவுன்சலிங்’ என்ற தயக்கம் அதைவிடப் பெரிய தடை.

தயக்கம் உள்ளவர்களுக்காக வேறொரு வழியும் சோதிக்கப்பட்டிருக்கிறது. மயாமி பல்கலைக்கழகத்தின் பிரையன் டாஸ், கிறிஸ்டென்சனின் முறையை இணையவழிப் பயிற்சியாக மாற்றினார். 300 தம்பதிகளிடம் நடத்திய சோதனையில், சில மணி நேரப் பயிற்சியும் ஊழியர்களின் சிறு தொலைபேசி உரையாடல்களும் உறவில் திருப்தியைக் கணிசமாக உயர்த்தின. நேரில் நடக்கும் நீண்ட ஆலோசனைக்கு அது மாற்றாகாது. ஆனால் ஆரம்பக் கட்டச் சிக்கலுக்குப் பெரும் செலவு தேவையில்லை என்பதற்கு அது சான்று.

எப்போது வீண்?

அடி உதையும் அச்சுறுத்தலும் உள்ள வீட்டில் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் ஆலோசனை ஆபத்தானது. அறையில் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழலாம். அங்கே முதல் தேவை பாதுகாப்பு. தமிழ்நாட்டில் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. ஒருவர் மனத்தளவில் ஏற்கெனவே வெளியேறிவிட்டார் என்றாலும் வழக்கமான ஆலோசனை பெரும்பாலும் பயன்படாது. அப்படிப்பட்டவர்களுக்காக டோஹர்ட்டி ஒன்று முதல் ஐந்து அமர்வுக்குள் முடியும் தனிமுறையை உருவாக்கினார். சேர்ந்து வாழ முயல்வதா, பிரிவதா என்ற தெளிவுக்கு வருவது மட்டுமே அதன் வேலை.

ஆலோசகரைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கலிபோர்னியாவில் 1963 முதல் மண ஆலோசகருக்கு உரிமம் உண்டு. இங்கே ‘குடும்ப ஆலோசகர்’ என்று பலகை மாட்ட அப்படித் தனி உரிமம் எதுவும் தேவைப்படுவதில்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா, மனநல மருத்துவரா, மனநலச் சமூகப் பணியில் பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தம்பதிகளோடு வேலை செய்யத் தனிப் பயிற்சி பெற்றிருக்கிறாரா, ஒருவர் தனியாகச் சொல்வதை மற்றவரிடம் சொல்வாரா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடலாம்.

39,000 ரூபாயை முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியதில்லை. கிறிஸ்டென்சன் முறையில் முதல் நான்கு அமர்வுகள் சிக்கலை அறியும் கட்டம்: ஒன்று சேர்ந்து, ஆளுக்கு ஒன்று தனித்தனியாக, நான்காவதில் உங்கள் சண்டை எப்படிச் சுழல்கிறது என்று ஆலோசகர் இருவருக்கும் விளக்குவார். மேலே கொண்ட கணக்கில் 6,000 ரூபாய். அந்த விளக்கம் இருவருக்கும் ‘ஆமாம், இப்படித்தான் நடக்கிறது’ என்று பட்டால் தொடரலாம். ஒருவருக்கு மட்டும் பட்டால் வேறு ஆலோசகரைப் பார்க்கலாம். எதுவுமே படவில்லை என்றால் நிறுத்திவிடலாம். இழப்பு நான்கு அமர்வோடு நிற்கும். இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதற்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.