வயலும் மதகும்



காவிரி நீரின் கடைமடையாகிய காரைக்கால் பகுதியில், கருக்களாச்சேரி என்னும் கடலோரச் சிற்றூரில் வாழ்பவன் நான். இப்பகுதி உழவர், நிலத்தின் பரப்பை மட்டும் பார்த்து அதன் தரத்தை மதிப்பிடுவதில்லை. அதற்கு நீர் வரும் மதகையும் பார்ப்பர். மேட்டூர் அணை நிரம்பி வழிந்தாலும், மதகு விடுமளவு நீர்தானே வயலை அடையும்? இவ்வுண்மை கணினிக்கும் பொருந்துவதை இன்று விளக்க விரும்புகிறேன்.

மேகக் கணினி என்பது, தொலைவிலுள்ள நிலையமொன்றில் இயங்கும் கணினியை இணையத்தின் வழியே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவதாகும். அமேசான் நிறுவனம் இதனை 2006-ஆம் ஆண்டு தொடங்கியது. 2016-ஆம் ஆண்டு மும்பையிலும் நிலையம் அமைத்தது. தேவை மிகுந்தால் பெரிய கணினிக்கும், குறைந்தால் சிறியதற்கும் மாறிக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால், மாறும்போது பலர் செயலியையும் நினைவகத்தையும் மட்டுமே ஒப்பிடுகின்றனர். மதகை, அதாவது வலையமைப்பின் வேகத்தை, மறந்துவிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அந்நிறுவனத்தின் எம்5 எக்ஸ்லார்ஜ் என்ற வகையில் 4 செயலி அலகுகளும் 16 கிகாபைட் நினைவகமும் உண்டு. ஆர்5 லார்ஜ் என்ற வகையில் செயலி அலகுகள் 2, நினைவகம் அதே 16 கிகாபைட், வாடகையோ குறைவு. செயலிகள் பாதி நேரம் வேலையின்றி இருப்பின், இரண்டாவதற்கு மாறுவது சிக்கனம் என்று தோன்றும். இரண்டுக்கும் வலையமைப்பு வேகம் நொடிக்கு ‘10 கிகாபிட் வரை’ என்றே குறிக்கப்பட்டிருக்கும்.

அந்த ‘வரை’ என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்குங்கள். இடைவிடாமல் கிடைக்கும் அடிப்படை வேகம் முன்னதற்கு 1.25 கிகாபிட், பின்னதற்கு 0.75 கிகாபிட் மட்டுமே. அதற்கு மேற்பட்ட வேகம், ஓய்வு நேரத்தில் சேரும் சலுகை இருப்பிலிருந்து வழங்கப்படுவது. கணினியின் அளவுக்கேற்ப அது பெரும்பாலும் 5 நிமிடம் முதல் 60 நிமிடம் வரையே நீடிக்கும். அதற்கும் முழு உறுதி இல்லை.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விண்ணப்பத்தின் கடைசி நாளில், முடிய 20 நிமிடமே இருக்கையில், 15,000 மாணவர்கள் ஆளுக்கு 10 மெகாபைட் அளவுள்ள சான்றிதழ்களை அனுப்புவதாகக் கொள்வோம். சலுகை இருப்பும் தீர்ந்துவிட்டது. 8 பிட் ஒரு பைட் ஆதலால், முதல் கணினி நொடிக்கு ஏறத்தாழ 156 மெகாபைட் பெறும். 16 நிமிடத்தில் பணி முடிந்துவிடும். இரண்டாவதோ நொடிக்கு ஏறத்தாழ 94 மெகாபைட்தான் பெறும்; 26 நிமிடம் 40 நொடி வேண்டும். குறித்த நேரத்தில் 11,250 பேரின் விண்ணப்பங்களே சேரும். எஞ்சிய 3,750 பேரின் கதி என்ன? அவ்வேளையிலும் செயலியும் நினைவகமும் குறையின்றி இருப்பதாகவே அளவைகள் காட்டக்கூடும்!

ஆகவே, அளவை மாற்றுவோர் மூன்றனைக் கருத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, ‘வரை’ என்ற உச்சத்தை விடுத்து அடிப்படை வேகத்தை ஒப்பிடுதல். இரண்டாவது, மாதச் சராசரியை விடுத்து, நெரிசல் மிகுந்த நாளின் நெரிசல் மிகுந்த நிமிடங்களை ஆராய்தல். எல்லை மீறியதால் காத்திருக்க வைக்கப்பட்ட, அல்லது கைவிடப்பட்ட தரவுப் பொட்டலங்களின் எண்ணிக்கையையும் நோக்குதல். மூன்றாவது, சலுகை இருப்பு தீரும் வரை சோதித்தல். புதிதாகத் தொடங்கும் கணினிக்குச் சலுகை இருப்பு நிறைவாக இருக்கும். ஆதலால் பத்து நிமிடச் சோதனை நம்மை ஏமாற்றிவிடும்.

சிக்கனம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆண்டு முழுவதும் சிறிய கணினியையே வைத்துக்கொள்ளலாம். விண்ணப்ப வாரத்தில் மட்டும் பெரியதற்கு மாறலாம். வாடகைக் கணினியின் பயனே அதுதான். சேமித்த பணம் கணக்கேட்டில் தெரியும். வாய்ப்பிழந்த மாணவனின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. நாளை இப்பொறுப்புகளை ஏற்கப்போகும் நீங்கள், கடைமடைக்கும் நீர் சேர்கிறதா என்று பார்த்த பின்னரே மதகின் அளவை முடிவு செய்யுங்கள்.