பூனை பழிவாங்குவதில்லை!

“நேத்து ஒரு அதட்டு போட்டேன். இன்னிக்குப் பாருங்க... என் மெத்தையிலேயே ‘உச்சா’ போயிடுச்சு. வேணும்னே பண்ணுது!”

பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உண்மையில், உங்களைப் பழிவாங்க அது திட்டம் எதுவும் போடுவதில்லை. அதற்கு ஏதோ கஷ்டம் என்பதன் அறிகுறிதான் அது.

முதலில் உடம்பைப் பாருங்கள்!

வழக்கமாக மணல் தட்டில் போகும் பூனை திடீரென்று கண்ட இடத்தில் போனால், கம்பை எடுக்காதீர்கள். சிறுநீர்ப்பை அழற்சி, கல், சர்க்கரை நோய், வயதான பூனைக்கு மூட்டுவலி... இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். தட்டில் உட்காரும்போதெல்லாம் வலித்தால், அந்தத் தட்டைக் கண்டாலே அதற்குப் பயம் வந்துவிடும்.

ஆண் பூனை விஷயத்தில் கூடுதல் உஷார் தேவை. அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அல்லது வரவே இல்லையா? மலச்சிக்கல் என்று நினைத்து, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். ராத்திரியானாலும் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ‘பாவம், வலிக்குதே’ என்று பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்!

உடம்பில் கோளாறு இல்லையா? தட்டைப் பாருங்கள்!

அழுக்கான கக்கூஸுக்குள் நாம் நுழைவோமா? பூனையும் அப்படித்தான். தினமும் கழிவை அள்ளி எடுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்கு. சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலோ, வாஷிங் மெஷின் இரைச்சல் போடும் மூலையிலோ தட்டை வைக்கவேண்டாம்.

அசுத்தமான இடத்தை ஃபினாயில் ஊற்றிக் கழுவுவது நம் பழக்கம். அது பூனையின் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போனால் ஆபத்து. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். வாடை மிச்சமிருந்தால், மறுபடியும் அங்கேயே போகும்.

நின்றபடி சுவரில் பீய்ச்சுகிறதா? பெரும்பாலும் அது எல்லை குறிக்கும் வேலை. ஐந்து, ஆறு மாத வயதில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால், பெரும்பாலான ஆண் பூனைகளுக்கு இந்தப் பழக்கம் வராது.

சோபாவைப் பிறாண்டினால்..?

நகத்தின் மேல்தோட்டை உதிர்க்கவும், உடம்பை நீட்டி முறிக்கவும், தன் வாசனையைப் பதிக்கவும் பூனை பிறாண்டியே தீரும். தடுக்க முடியாது, இடத்தை மாற்றலாம். மூன்றடி உயரக் கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கச் சுற்றி, ஆடாமல் சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். அதில் பிறாண்டியதும் ஒரு துண்டு மீன் கொடுங்கள். சீக்கிரமே பழகிவிடும்.

விளையாட்டுக் கடி

குட்டியிடம் விரலை ஆட்டி விளையாடாதீர்கள். ‘கை என்றால் கடிக்கிற பொருள்’ என்று அது கற்றுக்கொள்ளும். நூலில் கட்டிய பந்தை ஆட்டுங்கள்; விளையாடி முடித்ததும் நூலை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கிவிடும். கடித்தோ பிறாண்டியோ காயம் பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வீட்டுப் பூனைதானே என்று அலட்சியம் வேண்டாம்; வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை அவர் சொல்வார்.

அடித்தால் பூனை திருந்தாது. உங்களைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை மெத்தை நனைந்தால், கோபப்படும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உனக்கு என்னம்மா பண்ணுது?’